கூட இறங்குகிறவர்

மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்பார்கள். தேன் எடுக்கிறவர்களிடமிருந்து வந்த சொல் இது என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வதுண்டு. பாறை உச்சியில் கயிறு கட்டி ஒருவன் தொங்கி இறங்கும்போது, மேலே அந்தக் கயிற்றைக் காத்து நிற்பவன் அவனுடைய மனைவியின் உடன்பிறந்தவன். தங்கையின் வாழ்வே அந்தக் கயிற்றில் தொங்குவதால் அவன் கண் வேறு பக்கம் போகாது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களுக்கும் தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்லின் பாரத்தில் ஒரே மூச்சோடு அடியாழம் போனவர் கயிற்றை அசைத்தால் மேலே நிற்பவர் அவரைத் தூக்கிவிட வேண்டும். உயிரை இன்னொருவர் உள்ளங்கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் அவர்கள் இறங்கினார்கள்.

ஸ்கூபா வந்தபோது அந்தக் கயிறு போய்விட்டது. 1943 ஜூன் மாதத்தில், பிரான்சின் தென்கரையில் பந்தோல் ஊர்ப் பக்கம், ழாக் கூஸ்தோ முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். எமில் கன்யான் என்ற பொறியாளரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய கருவி, மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஏற்றபடி காற்றைத் தந்தது. மேலிருந்து குழாய் வரவில்லை, கயிறு வரவில்லை. மீன் போகும் பக்கமெல்லாம் மனிதனும் போகலாம் என்று ஆன நாள் அது. ஆனால் அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் என் மனம் போய் நிற்பது அவருடைய மனைவி சிமோனிடம். அவர் மேற்பரப்பில் மிதந்தபடி, மாஸ்க்கை நீருக்குள் வைத்து, கீழே போகிற கணவரைப் பார்த்துக்கொண்டே வந்தார். நண்பர் ஃபிரெடெரிக் துமா, வேண்டுமானால் உடனே மூழ்கிப் போக, கரையில் தயாராக இருந்தார். கயிறு போன அன்றைக்கே அதன் இடத்தில் ஒரு பார்வை வந்துவிட்டது.

அந்தப் பார்வை சொந்த ஊரில் கேட்காமலே கிடைக்கிறது. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று சொல்ல யாராவது இருக்கிறார்கள். தனியாகப் பயணம் போகிறவர் அதை முன்பின் தெரியாதவர்களிடம் தேடிப் பெற வேண்டும். கோயிலுக்குத் தனியாகப் போகலாம். மலைமேல் தனியாக உட்கார்ந்துவிட்டு வரலாம். ஸ்கூபா வகுப்பிலோ முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள், துணையில்லாமல் இறங்காதே என்று. பாதுகாப்பு விதி என்றுதான் புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எனக்கு அது ஓர் ஆன்மிகச் சாதனை முறையாகவே தோன்றுகிறது. தனிமையை நாடி வந்தவனைப் பிடித்து நிறுத்தி, உள்ளே போக வேண்டுமானால் இன்னொரு உயிரை உன் கண்ணில் வைத்துக்கொண்டு போ என்று கடல் கேட்கிறது.

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் துலம்பென் என்றொரு ஊர். ஆகுங் எரிமலையின் அடிவாரம். மணலைவிட உருண்டைக் கற்களே அதிகமான கரை. லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டு, இழுத்துவரப்பட்டு, இங்கே கரையில் ஏற்றிவிடப்பட்டது. இருபது வருடங்களுக்கு மேல் கரையிலேயே கிடந்தது. 1963-இல் ஆகுங் வெடித்தபோது நிலம் அதிர்ந்து கப்பல் கடலுக்குள் சரிந்தது. ஏறக்குறைய 120 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலின் மேல்விளிம்பு இன்று ஏறக்குறைய 5 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அடிப்பகுதி 30 மீட்டரில். படகு வேண்டாம், கரையிலிருந்து நடந்தே இறங்கிவிடலாம். ஊர்ப் பெண்கள் சிலிண்டர்களைத் தலையில் சுமந்து அந்தக் கற்களின்மேல் நடந்து வருகிறார்கள். காலையில் வாசல்தோறும் தென்னங்குருத்தில் முடைந்த சிறு தட்டில் பூவும் அரிசியும் வைத்து ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். டைவிங் சென்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரெஸரின் பக்கத்திலும் அப்படி ஒரு தட்டைப் பார்த்தபோது, நம்மூர்ப் பட்டறைகளில் ஆயுத பூஜையன்று வைக்கும் பொட்டு எனக்கு நினைவுக்கு வந்தது. மூச்சு தரும் இயந்திரத்துக்குப் பூ வைப்பது எவ்வளவு பொருத்தம்!

இங்கே தனியாக வருகிறவர்கள் நிறைய. நாளின் நடுவில் தீவின் தென்பக்கத்திலிருந்து வேன்களில் வந்து இரண்டு டைவ் முடித்துத் திரும்புகிறவர்கள் ஒரு வகை. அங்கேயே அறை எடுத்துத் தங்குகிறவர்கள் இன்னொரு வகை. துணை தேடுகிறவர் இரண்டாம் வகையோடு இருக்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம். அவசரத்தில் வந்தவர்களுக்குள் துணை அமைவது அரிது. முந்தின நாள் மாலையே டைவிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்து, உபகரணங்களை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருக்கிறவர்களோடு நாலு வார்த்தை பேசினால் போதும், யாரோடு இறங்கலாம் என்பது தெரிய ஆரம்பித்துவிடும். படகில் போகும் இடங்களில், புறப்படும் நேரத்தில் டைவ் மாஸ்டர் விரலை நீட்டி, நீங்களும் அவரும் ஜோடி என்று சொல்லிவிட்டுப் போகும்போது அந்த வாய்ப்பு இல்லை. டைவ் மாஸ்டரே கூட வருகிறாரே, பிறகென்ன என்று சிலர் நினைக்கிறார்கள். அவர் முன்னால் போகிறவர், வழியைப் பார்க்க வேண்டியவர், நாலு பேரைச் சுமப்பவர். உங்கள் பக்கத்தில் இருப்பவரின் வேலை வேறு.

அந்த மாலையில் கேட்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும் எளிமையானவை. கடைசியாக எப்போது இறங்கினீர்கள்? எவ்வளவு ஆழம்வரை பயிற்சி? காற்று சீக்கிரம் தீருமா? கேமரா கொண்டுவருவீர்களா? நேற்றிரவு தூங்கினீர்களா, குடித்தீர்களா? கேள்விகள் எளிமை, பதில்தான் கடினம். ஒரு வருடமாயிற்று, கொஞ்சம் பயமாக இருக்கிறது, என் இடது காது லேசில் அடைப்பு விடாது, நான் காற்றை வேகமாகத் தீர்ப்பவன் என்றெல்லாம் தெரியாத ஒருவர் முன்னால் சொல்வதற்கு உள்ளே ஏதோ ஒன்று வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. அலுவலகத்திலும் உறவுகளிலும் நம் பலத்தைத்தான் முன்வைத்துப் பழகியிருக்கிறோம். இங்கே முதலில் வைக்க வேண்டியது பலவீனத்தை. அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவரின் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அலட்சியம் தெரிந்தால் அவர் எத்தனை நூறு டைவ் முடித்தவராக இருந்தாலும் வேண்டாம். 'எனக்கும் அப்படித்தான், மெதுவாகப் போவோம்' என்று ஒருவர் சொன்னால், அவர் நேற்றுத்தான் பயிற்சி முடித்தவராயினும், ஆழம் குறைந்த இடத்தில் அவரோடு நிம்மதியாக இறங்குவேன். சிலிண்டரைத் தலையில் தூக்கிவந்து வைத்த அம்மாவிடம் அவர் ஒரு வார்த்தை பேசுகிறாரா என்பதையும் கவனிப்பேன். தரையில் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படாதவருக்கு நீருக்குள்ளும் படமாட்டார்.

தெரியாதவர்கள் துணையாவது என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. திருக்கோவலூரில் ஓர் இரவு. மழை, இருட்டு. ஒரு வீட்டின் இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார், இருவருக்கு இடமானது. பேயாழ்வார் வந்தார், இருவரும் எழுந்து நின்றார்கள், மூவருக்கு இடமானது. ஒருவரை ஒருவர் முன்பு அறியாதவர்கள். நெருக்கிக்கொண்டு நின்ற அந்த மூவருக்கு நடுவில் நாலாவதாக ஒருவர் வந்து நெருக்குவதை உணர்ந்தார்கள் என்றும், அவர் பெருமாளே என்று அறிந்து பாட ஆரம்பித்தார்கள் என்றும் வைணவ மரபு சொல்கிறது. இந்தக் கதையில் என்னை ஈர்ப்பது முதல் அசைவு: படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தாரே, அது. தன் வசதியில் பாதியைத் தெரியாதவருக்காக விட்டுக்கொடுத்த அந்தக் கணத்தில் அவருக்குப் பெருமாள் வரப்போவது தெரியாது. இடம் கேட்டவர் நனைந்திருந்தார், அவ்வளவுதான்.

துணை கிடைத்தபின் கரையில் நடப்பது ஒரு சடங்கு. ஒருவர் மற்றவரின் உபகரணங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மிதக்கவைக்கும் ஜாக்கெட்டில் காற்று ஏறுகிறதா, இறங்குகிறதா. எடைப் பட்டை சரியாக இருக்கிறதா, ஒரே இழுப்பில் கழன்று விழுமா. கொக்கிகள் எங்கெங்கே, எப்படித் திறக்கும். சிலிண்டர் முழுதும் திறந்திருக்கிறதா, மூச்சை இழுக்கும்போது அழுத்தமானியின் முள் ஆடாமல் நிற்கிறதா. கடைசியாக எல்லாம் சரி என்று இருவரும் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். ஜபத்துக்கு உட்காரும் முன் அங்கநியாசம் செய்கிறவர்கள், இதயம், சிரசு, சிகை என்று உடம்பின் ஒவ்வோர் இடத்தையும் தொட்டு அங்கே மந்திரத்தை இருத்துகிறார்கள். கரையில் நின்று ஒரு அந்நியரின் தோள்பட்டையையும் மார்புப் பட்டியையும் தொட்டுப் பார்க்கும்போது எனக்கு அந்த நியாசமே மனதில் ஓடும். ஓரிடத்தையும் விட்டுவிடாமல், மனம் வேறெங்கும் போகாமல் தொட வேண்டும். தொடும் முன் கேட்க வேண்டும், முக்கியமாகத் தனியாக வந்திருக்கும் பெண்ணிடம். அவர் வேண்டாமென்றால் அவரையே தொட்டுக் காட்டச் சொல்லி நாம் பார்த்தால் போதும். இந்தச் சோதனையை 'அதெல்லாம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவிடுகிறவரோடு நான் இறங்குவதில்லை.

சிலிண்டரிலிருந்து காற்றைத் தரும் ரெகுலேட்டர் ஒவ்வொன்றிலும் வாய் வைக்கும் பகுதி இரண்டு உண்டு. ஒன்று தனக்கு. இன்னொன்று பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், நெஞ்சுப் பக்கம் எளிதில் எட்டும்படி மாட்டியிருக்கும். அது மற்றவருக்கு. துணைக்குக் காற்று தீர்ந்து, கையைக் கழுத்துக்குக் குறுக்கே அறுப்பதுபோல் காட்டினால், இதை எடுத்து அவர் வாயில் கொடுத்து, ஒருவர் கையை ஒருவர் பற்றியபடி இருவரும் ஒரே சிலிண்டரில் மூச்சுவிட்டு மேலே வர வேண்டும். எத்தனையோ பேர் தங்கள் டைவிங் வாழ்நாள் முழுதும் ஒருமுறைகூட அந்த மஞ்சள் வாயைப் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதைச் சுமந்துபோகிறார்கள், ஒவ்வொரு முறையும் அது வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். அன்னதானம், நீர்ப்பந்தல் என்று நம் மரபில் எத்தனையோ கொடை இருக்கிறது. தான் இழுக்கும் அதே காற்றில் பாதியை, அது குறைந்துகொண்டிருக்கும் வேளையில், பெயர்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஒருவருக்காக நெஞ்சில் மாட்டிக்கொண்டு போவதை நான் பெரிய கொடையாக மதிக்கிறேன்.

சைவ மரபில் நான்கு நெறிகள் உண்டு. சரியைக்குத் தாச மார்க்கம், கிரியைக்குச் சற்புத்திர மார்க்கம், யோகத்துக்குச் சக மார்க்கம், ஞானத்துக்குச் சன்மார்க்கம் என்று இணைத்துச் சொல்வார்கள். சக மார்க்கம் என்றால் தோழமை நெறி; அதற்குச் சுந்தரர் எடுத்துக்காட்டு, தம்பிரான் தோழர். மூச்சை நெறிப்படுத்தும் யோகமும் தோழமையும் ஏன் ஒரே வரிசையில் வந்தன என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். யோகம் தனியே கண்மூடி உட்காருகிற விஷயமாயிற்றே, அதில் தோழனுக்கு என்ன வேலை? நூல்களில் இதற்கு ஆழமான விளக்கங்கள் உண்டு. எனக்குப் பிடிபட்டது நீருக்குள்ளே.

ஸ்கூபாவின் முதல் பாடம், மூச்சைப் பிடித்துவைக்காதே என்பது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரு மடங்காக விரியும். பிடித்துவைத்திருந்தால் நுரையீரலைக் கிழித்துவிடும். மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகத்துக்கு அதற்குரிய இடமும் ஆசானும் உண்டு, அது இங்கே இல்லை. இங்கே இழுப்பதும் விடுவதும் இடையறாமல், நிதானமாக ஓட வேண்டும். அந்த நிதானம் ஒருவருடைய சொந்த விஷயமாக இருப்பதில்லை. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் 2,200 லிட்டர் காற்று. 50 பாரை மேலே வருவதற்கென்று ஒதுக்கிவிட்டால் மீதி 1,650 லிட்டர். 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் மேற்பரப்பைவிட மூன்று மடங்கு காற்றைத் தின்னும். மேலே நிமிடத்துக்கு 15 லிட்டர் செலவழிக்கும் அமைதியானவருக்கு அந்த ஆழத்தில் 36 நிமிடம் கிடைக்கும். பதற்றத்தில் 25 லிட்டர் செலவழிப்பவருக்கு 22 நிமிடம்தான். இருவரும் துணை என்றால் இருவருக்குமே 22 நிமிடம்.

அந்தப் பதினான்கு நிமிடத்தை முகம் சுளிக்காமல் விட்டுக்கொடுப்பவரே நல்ல துணை. விட்டுக்கொடுத்ததைப் பிறகு பேச்சில் காட்டாதவர் இன்னும் நல்ல துணை. அவர் பக்கத்தில் அப்படி நிதானமாக இருக்கும்போது வேகமாக மூச்சுவிடுகிறவரின் மூச்சும் மெல்ல இறங்கிவருவதை நான் பார்த்திருக்கிறேன். குமிழிகள் எழும் இடைவெளி நீளும். யாரும் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை, நீருக்குள் கற்றுக்கொடுக்கச் சொல்லும் இல்லை. ஒருவர் மூச்சு அடங்கியிருப்பதைக் கண்டு இன்னொருவர் மூச்சு அடங்குகிறது. சக மார்க்கத்தை யோகத்தின் பக்கத்தில் வைத்தவர்களை நான் அங்கேதான் கும்பிட்டேன்.

சுந்தரருக்கு மனிதரிலும் ஒரு தோழர் இருந்தார், சேரமான் பெருமாள். திருவஞ்சைக்களத்தில் சுந்தரர் வெள்ளை யானைமேல் கயிலைக்குப் புறப்பட்டதைச் சேரமான் மனத்தால் அறிந்தார். தன் குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதினார். குதிரை எழும்பிப்போய் யானையை வலம்வந்து முன்னே சென்றது என்கிறது பெரிய புராணம். கயிலை வாசலில் சேரமான் தடுக்கப்பட்டார். உள்ளே போன சுந்தரர் இறைவன் திருமுன் நின்றபோது, வெளியே நிற்கும் நண்பரைப் பற்றிச் சொன்னார். வாழ்நாளெல்லாம் ஏங்கிய காட்சி கண்முன் இருக்க, வாசலில் நிற்கிறவரை மறக்காமல் இருந்தாரே! கப்பலின் உடைந்த விலா எலும்புகளுக்கு நடுவே விடியற்கால வெளிச்சம் நுழைய, நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் கூட்டமாக உறக்கம் கலைந்து நகரும் காட்சியைப் பார்க்கத்தான் துலம்பெனில் அதிகாலையில் இறங்குகிறார்கள். அப்படியொன்றைப் பார்க்கும்போதும் தலையைத் திருப்பி, துணை எங்கே என்று பார்க்க வேண்டும். அந்தத் தலைத்திருப்பல்தான் நீருக்குள் மிகக் கடினமான பயிற்சி. துன்பத்தில் பிறரை நினைப்பது சுலபம். பேரழகின் முன் பிறரை நினைப்பதற்குப் பழக்கம் வேண்டும்.

காது உதவாது. நீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்கு வேகமாக ஓடுவதால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. சிலிண்டரைத் தட்டினால் கேட்கும். ஆள் எங்கே என்று கண்தான் சொல்ல வேண்டும். அதனால் பக்கவாட்டில், கைநீட்டினால் தொடும் தூரத்துக்குச் சற்றே அப்பால், நீந்திப்போவது நல்லது. ஒருவர் பின் ஒருவராகப் போனால் முன்னால் போகிறவருக்குத் துணையே இல்லை. துணை காணாமல் போய்விட்டால் ஒரு நிமிடம் சுற்றிலும் தேட வேண்டும். அதற்குள் கிடைக்காவிட்டால் பார்த்துக்கொண்டிருந்த அழகை அப்படியே விட்டுவிட்டு மேலே போய் அங்கே சந்திக்க வேண்டும். இதை இறங்கும் முன் இருவரும் வாய்விட்டுப் பேசியிருக்க வேண்டும். கைச்சைகைகளையும்தான், 100 பாருக்கு ஒருவர் காட்டும் சைகை இன்னொரு நாட்டவருக்கு வேறாக இருக்கும்.

துலம்பெனின் கருமணலில் சற்று அசையாமல் இருந்தால் ஒரு வளையின் வாசலில் சின்ன மீன் ஒன்றைப் பார்க்கலாம். கோபி இனம். அதே வளைக்குள்ளிருந்து ஓர் இறால் வெளியே வந்து மணலை அள்ளிக் கொட்டிவிட்டு உள்ளே போகும், மறுபடி வரும். வளை தோண்டுவதும் செப்பனிடுவதும் இறாலின் வேலை. அதற்குப் பார்வை மிகக் குறைவு. வெளியே வரும்போதெல்லாம் தன் மீசை உணர்கொம்பு ஒன்றை மீனின் உடம்பில் வைத்துக்கொண்டே வரும். ஆபத்து தெரிந்தால் மீனின் வால் லேசாகத் துடிக்கும். அந்தத் துடிப்பு போதும், இறால் உள்ளே போய்விடும். மீனுக்கு வீடு, இறாலுக்குக் கண். இனம் வேறு, உணவு வேறு, மொழி என்று ஒன்றுமே இல்லை. ஒரு தொடுதலும் ஒரு துடிப்பும் போதுமானதாக இருக்கிறது. இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே ஒரு முழு டைவைக் கழித்தாலும் எனக்குத் திருப்திதான்.

கடலில் உயிர்கள் ஒன்றுக்கொன்று செய்துகொள்ளும் இப்படிப்பட்ட பணிகளை ஊன்றிக் கவனித்தவர் கான்ராட் லிம்பா. கலிஃபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் டைவிங் பயிற்சிக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். பெரிய மீன்கள் வாயைத் திறந்து காத்திருக்க, சிறு மீன்களும் இறால்களும் உள்ளே போய் ஒட்டுண்ணிகளைத் தின்று சுத்தம் செய்துவிட்டுப் பத்திரமாக வெளியே வருவதை அவர் விரிவாக ஆராய்ந்தார். 1960 மார்ச்சில், பிரான்சின் கஸ்ஸி அருகே போர்மியூ என்ற இடத்தில் நிலத்தடி ஆறு ஒன்றில் இறங்கியபோது, கூட வந்தவரிடமிருந்து பிரிந்து, திரும்பி வரவில்லை. சுத்தம்செய்யும் மீன்களைப் பற்றிய அவருடைய கட்டுரை அடுத்த வருடம்தான் வெளிவந்தது. அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எத்தனையோ பேருக்குப் பாதுகாப்பாக இறங்கச் சொல்லிக்கொடுத்தவர். திறமை இருப்பவருக்கும் துணை தேவைப்படும் இடங்கள் உண்டு என்பதை அவர் நினைவோடு சேர்த்தே நான் வைத்திருக்கிறேன். அவர் பெயர் வரும்போது கொஞ்சம் மெதுவாகப் படிப்பேன்.

30 மீட்டரை நெருங்கும்போது இன்னொன்று நடக்கலாம். அழுத்தத்தில் நைட்ரஜன் மூளையை மந்தமாக்கும். சிலருக்குக் காரணமில்லாத ஆனந்தம், சிலருக்குக் காரணமில்லாத அச்சம். மயங்கியவர் அழுத்தமானியைப் பார்ப்பார், எண் மனதில் பதியாது. இதைக் கூஸ்தோ ஆழத்தின் போதை என்று வருணித்தார். சில மீட்டர் மேலே வந்தால் தெளிந்துவிடும், ஆனால் மேலே வர வேண்டும் என்ற எண்ணமே மயங்கியவருக்கு வராது. தன் மயக்கம் தனக்குத் தெரியாமல் இருப்பதுதான் மயக்கத்தின் இயல்பு. பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறார்: இவர் கண் எங்கோ இருக்கிறது, சைகைக்குப் பதில் தாமதமாக வருகிறது. கையைப் பிடித்து ஐந்து மீட்டர் மேலே கூட்டிவந்துவிடுகிறார். அடியார் கூட்டத்தோடு இரு என்று நம் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான விளக்கம் இதுவே. பக்கத்தில் இருப்பவர் ஞானம் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் நம்மைவிடச் சற்றுத் தெளிவாக இருந்து, நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

டைவிங் உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும், டைவை நிறுத்தலாம். கட்டைவிரலை மேல்நோக்கிக் காட்டினால் இருவரும் மேலே போக வேண்டும். ஏன் என்று கேள்வி கிடையாது. கரைக்கு வந்தபின்னும் குற்றம்சாட்டக் கூடாது. தண்ணீரில் கால் வைக்கும் முன்பே 'இன்று எனக்கு மனம் சரியில்லை' என்று சொல்லித் திரும்பவும் உரிமை உண்டு. பணமும் பயணமும் செலவழித்து வந்த ஒருவர் இதை மனதார ஏற்பது சின்ன விஷயமில்லை. துணையாக வரப்போகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: நீங்கள் விரல் காட்டினால் நான் மகிழ்ச்சியாகவே மேலே வருவேன். அதைச் சொன்னதும் பலருடைய தோள்கள் தளர்ந்து இறங்குவதைக் கண்டிருக்கிறேன். மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம், 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். அந்த மூன்று நிமிடத்தில் செய்ய ஒன்றுமில்லை. எதிரெதிரே மிதந்தபடி ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கலாம்.

தனியாக இறங்குவதற்கென்றே பயிற்சி பெற்று, இரண்டாவது காற்று மூலத்தையும் சுமந்துகொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஒழுங்கின்மேல் எனக்கு மரியாதை உண்டு. புதியவர்கள் அதைப் பார்த்துத் துணியக் கூடாது. துணை அமையவில்லையென்றால் ஒரு வழிகாட்டியைத் தனியாக அமர்த்திக்கொள்வது கௌரவமான வழி. அவரிடமும் அதே உண்மையைச் சொல்லுங்கள், அதே கண்ணோடு அவரையும் பாருங்கள். கூலி வாங்குகிறார் என்பதால் அவருக்கு மூச்சு முட்டாது என்று ஆகிவிடாது.

கரைக்கு வந்தபின் இருவரும் உட்கார்ந்து லாக்புக்கை எழுதுகிறார்கள். ஆழம், நேரம், மீதமிருந்த காற்று, பார்த்த மீன்கள். துணை என்ற இடத்தில் ஒருவர் புத்தகத்தில் மற்றவர் கையெழுத்திடுகிறார். எங்கே என்னைத் தவறவிட்டீர்கள், எங்கே நான் உங்களைத் தவறவிட்டேன் என்று கேட்டுக்கொள்ள அதுவே நல்ல நேரம். நாளைக்கும் வருகிறீர்களா என்ற கேள்வி அப்போது தானாக வரும். ஒருவர் அன்றே விமானத்தில் கிளம்ப நினைத்தாலும் அது நடக்காது. பல டைவுகளுக்குப் பின் விமானம் ஏறுவதற்கு 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பதால் கடல் இருவரையும் இன்னொரு நாள் கரையிலேயே உட்காரவைத்துவிடும்.

யாருமே பொருந்தாத நாளும் வரும். பேசிப் பார்த்த எவரும் மனதுக்குச் சரியாகப் படாமல் போகலாம், வழிகாட்டிகள் எல்லோரும் வேறு வேலையில் இருக்கலாம். அன்று சிலிண்டரைத் தொட வேண்டாம். லிபர்ட்டியின் மேல்விளிம்பு 5 மீட்டரில்தானே இருக்கிறது. மாஸ்க்கும் ஸ்நார்க்கலும் போட்டுக்கொண்டு மேலே மிதந்தபடியே பவளம் படர்ந்த அதன் பக்கங்களையும் அவற்றைச் சுற்றும் மீன்களையும் பார்க்கலாம். கீழே ஜோடி ஜோடியாகப் போகிறவர்களின் குமிழிகள் உங்களைத் தொட்டு எழும். அதற்கும் முன்னால், கரையில் சிலிண்டர் அடுக்கிக்கொண்டிருக்கும் பெண்களில் ஒருவரிடம் போய், எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்குங்கள்.